பிராக் நகரத்துக்கு இரண்டு முறை போன ஷெர்லி டெம்பிள்

"குழந்தை நட்சத்திரமாக இருந்த ஷெர்லி டெம்பிள் பிற்காலத்தில் அமெரிக்கத் தூதராக இருந்தாராமே? சினிமாப் புகழுக்காகத் தூக்கிக் கொடுத்த பதவிதானே அது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூதராக இருந்தது உண்மை. ஒன்றல்ல, இரண்டு நாடுகளில் இருந்தார். 1974 முதல் 1976 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், 1989 முதல் 1992 வரை செக்கோஸ்லோவாக்கியாவில். புகழுக்காகக் கொடுத்த பதவியா என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். கதவைத் திறந்துவிட்டது புகழ்தான், மறுக்கவில்லை. குடியரசுக் கட்சிக்காகப் பிரசாரம் செய்தார், நிதி திரட்டினார், அதுவும் உண்டு. ஆனால் உள்ளே போன பிறகு அவர் செய்த வேலையைப் பார்த்தால் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஷெர்லி பிறந்தது 1928 ஏப்ரல் 23, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில். அப்பா ஜார்ஜ் வங்கி ஊழியர். அம்மா கெர்ட்ரூட். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு வந்த பெண் குழந்தை. மூன்று வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நடனப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்து 1932-இல் ஒரு சின்னப் படக் கம்பெனியின் குறும்படங்களுக்கு எடுத்துப்போனார்கள். பெரியவர்களின் படங்களைக் குழந்தைகளை வைத்துக் கேலியாக எடுக்கும் படங்கள் அவை. அந்தத் தளத்தில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்ததாம். சொன்னபடி நடிக்காத குழந்தையை அதற்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். உட்கார உள்ளே இருந்தது ஒரு பனிக்கட்டி. 1988-இல் எழுதிய சுயசரிதையில் ஷெர்லியே இதைச் சொல்கிறார். படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. நாலு வயசுக் குழந்தை அது. நேரத்தை வீணாக்காமல் வேலையைக் கவனிக்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டதாக அவர் அமைதியாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

1933 கடைசியில் ஃபாக்ஸ் நிறுவனம் வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷமே அமெரிக்கா முழுக்க அவர் முகம்தான். பொருளாதாரப் பெருமந்தம் மக்களைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்த காலம். கஷ்டத்தில் இருக்கும் மக்கள் 15 சென்ட் கொடுத்து ஒரு குழந்தையின் சிரிப்பைப் பார்த்துக் கவலையை மறக்க முடிகிறதே என்று அதிபர் ரூஸ்வெல்ட் சொன்னதாகச் சொல்வார்கள். 1935-இலிருந்து 1938 வரை தொடர்ந்து நான்கு வருஷம் ஹாலிவுட்டின் வசூல் நட்சத்திரங்களில் முதலிடம் அவருக்குத்தான். பெரிய பெரிய நடிகர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால். 1935 பிப்ரவரியில் ஆஸ்கர் அமைப்பு சிறுவர்களுக்கென்றே ஒரு சிறப்பு விருதை உருவாக்கி முதன்முதலில் அவருக்குக் கொடுத்தது. அப்போது வயது ஆறு.

தலைமுடியில் சரியாக 56 சுருள். தினமும் இரவு அம்மா உட்கார்ந்து எண்ணிச் சுருட்டிவிடுவார். படுக்கையில் மறுநாள் காட்சியை அம்மா வாசித்துக் காட்ட, குழந்தை மனப்பாடம் செய்துகொள்ளும். தன் வசனம் மட்டுமில்லை, கூட நடிப்பவர்களின் வசனமும் பாடம். கேமரா ஓடப் போகும்போது "மின்னு ஷெர்லி, மின்னு" என்பாராம் அம்மா. முன்கூட்டியே முழுவதும் படித்துக்கொண்டு வருகிற இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் காலப் படங்களில் ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், 1935-இல் வந்த ஒரு படத்தின் மாடிப்படி நடனத்தைப் பாருங்கள். கூட ஆடுபவர் பில் ராபின்சன், கறுப்பினத்தவர், காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தில் பெரிய மேதை, ஐம்பது வயதைத் தாண்டியவர். சிறுமி தூங்கப் போக மறுக்கிறாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தப் படிகளில் ஏறி இறங்கி ஆடிக் காட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு விதமான தட்டு. அப்புறம் கையை நீட்டுகிறார். சிறுமி பிடித்துக்கொள்கிறாள். இருவரும் ஒரே தாளத்தில் ஏறுகிறார்கள். காலைப் பார்க்காதே, சத்தத்தைக் காதால் கேள் என்று சொல்லிக் கொடுத்தவர் ராபின்சன். ஹாலிவுட் படத்தில் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் ஜோடியாக ஆடியது அதுவே முதல் முறை என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் கைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தை அமெரிக்கத் தென் மாநிலங்களில் வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள். வேலைக்காரராகவே ராபின்சனை நடிக்கவைத்த படம் என்ற குறையும் அதற்கு உண்டு, அது நியாயமான குறைதான். என்றாலும் அந்தக் குழந்தை அவர் கையைப் பிடிக்கும்போது அதில் துளிக்கூட நடிப்பு தெரியாது. "பில்லி மாமா" என்றுதான் கடைசிவரை அவரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் புகழ் நம் ஊருக்கும் வந்தது. 1937-இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'பாலயோகினி'யில் நடித்த பேபி சரோஜாவை "இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்" என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அந்தப் படத்துக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தைகளுக்கு வீட்டுக்கு வீடு சரோஜா என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வீட்டில் ஒரு சரோஜா பாட்டி இருந்தால் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

அதற்கப்புறம் வழக்கமான கதை. குழந்தை வளர்ந்தது, கூட்டம் குறைந்தது. 1940-இல் ஒரு பெரிய படம் விழுந்தது, நிறுவனத்தோடு உறவும் முடிந்தது. தன் வயதையே ஒரு வருஷம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள் என்பது அவருக்கே அப்போதுதான் தெரியவந்தது. பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பதின்மூன்று! 17 வயதில் ஜான் ஏகர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1949-இல் அந்தக் கல்யாணம் முறிந்தது. 1950 தொடக்கத்தில் ஹவாயில் சார்லஸ் பிளாக் என்ற முன்னாள் கடற்படை உளவு அதிகாரியைச் சந்தித்தார். தன் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று அந்த மனிதர் சொன்னதே ஷெர்லிக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கிறது. அதே வருஷம் டிசம்பரில் திருமணம். அத்துடன் சினிமாவுக்கு முழுக்கு. 2005-இல் சார்லஸ் இறக்கும்வரை ஏறக்குறைய 55 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இந்த இரண்டாவது திருமணச் சமயத்தில்தான் ஷெர்லி தன் கணக்கைப் பார்த்தார். சம்பாதித்துக் கொடுத்தது 32 லட்சம் டாலர். மிஞ்சியது சுமார் 44,000. சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை மகள் பெயரில் போட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவை அப்பா கடைப்பிடிக்கவில்லை. வீட்டில் பலர் அந்தப் பணத்தில் வாழ்ந்திருக்கிறார்கள், தவறான முதலீடுகளில் நிறையப் போயிருக்கிறது. அப்பா மீது வழக்குப் போடவில்லை, அவரோடு பேச்சை நிறுத்தவும் இல்லை. கோபம் வரவில்லை என்றே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த மனசு வந்திருக்காது.

சரி, அரசியலுக்கு வருவோம். 1967-இல் கலிபோர்னியாவில் ஒரு தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஷெர்லி குடியரசுக் கட்சிக்காரராக நின்றார். வியட்நாம் போரை ஆதரித்தார். கொரியப் போரில் பதக்கம் வாங்கிய பீட் மெக்லாஸ்கி அந்தப் போரை எதிர்த்து அதே கட்சியில் நின்று அவரைத் தோற்கடித்தார். போர் விஷயத்தில் மெக்லாஸ்கி பக்கம்தான் சரி என்பது என் எண்ணம். தோற்றதும் ஷெர்லி வீட்டில் உட்காரவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அவருடைய அண்ணன் ஜார்ஜுக்கு மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய். அதற்காக நாடுகளின் அமைப்புகளை ஒன்றுசேர்க்கும் சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஷெர்லியும் ஒருவர். செக்கோஸ்லோவாக்கியாவையும் அதில் சேர்க்கத்தான் 1968 ஆகஸ்டில் பிராக் நகரத்துக்குப் போனார். கம்யூனிஸ்ட் தலைவர் அலெக்சாண்டர் டூப்செக் அப்போது தணிக்கையைத் தளர்த்தி, "மனித முகம் கொண்ட சோஷலிசம்" என்று நாட்டைத் திறந்துவிட்டிருந்தார். அவரைச் சந்திக்க ஷெர்லி காத்திருந்தார். அந்தச் சந்திப்பு நடக்கவில்லை. ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான படைகள் எல்லையைத் தாண்டி நுழைந்துவிட்டன.

ஷெர்லி தங்கியிருந்தது அல்க்ரோன் ஓட்டலில். நகரத்தின் நடுநாயகமான வென்செஸ்லாஸ் சதுக்கத்திலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே விமானங்களின் இரைச்சல். தெருவில் டாங்கிகள். ஓட்டலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் ஆயுதம் எதுவும் இல்லாத ஒரு பெண் சுடப்பட்டு விழுவதைக் கண்ணால் கண்டார். பிறகு அமெரிக்கத் தூதரகம் ஏற்பாடு செய்த கார் வரிசையில் மற்ற அமெரிக்கர்களோடு மேற்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். நாற்பது வயது, மூன்று குழந்தைகளின் தாய். அந்தப் பெண் விழுந்ததை அதற்குப் பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருஷம் அதிபர் நிக்சன் அவரை ஐ.நா. பொதுச்சபைக்கான அமெரிக்கக் குழுவில் போட்டார். கட்சிக்கு உழைத்ததற்கான பரிசு என்று எல்லாரும் பேசினார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் மனப்பாடம் செய்துகொண்டு தளத்துக்கு வந்த பழைய பழக்கம் இங்கே வேலைக்கு வந்தது. கோப்புகளை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போவார். சுற்றுச்சூழல், கடல், அகதிகள் விஷயங்களை எடுத்துக்கொண்டார். 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த சுற்றுச்சூழல் மாநாட்டுக்கான பணியிலும் இருந்தார். ஒரு விருந்தில் நமீபியா பிரச்சினை பற்றி ஷெர்லி பேசிக்கொண்டிருந்ததை, பின்னால் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான ஹென்றி கிசிங்கர் காதில் வாங்கி, இவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று வியந்துபோனாராம். அதே கிசிங்கர் பின்னால், மிகுந்த அறிவும் உறுதியும் கட்டுப்பாடும் உள்ளவர் என்று அவரைப் பற்றிச் சொன்னார்.

1972-ஐத் தாண்டுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். என் கணக்கில் அவர் செய்ததிலேயே துணிச்சலானது அதுதான். அந்த வருஷம் அவருக்கு மார்பகப் புற்றுநோய். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள், புற்று என்று தெரிந்தால் நோயாளி கண் விழிப்பதற்குள் மார்பகத்தையே எடுத்துவிடுவார்கள். ஷெர்லி ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் சோதனை, அப்புறம் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றார். கத்தி வைப்பது டாக்டர், முடிவெடுப்பது நான் என்பது அவருடைய பேச்சு. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனைப் படுக்கையிலேயே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு ஒரு பெண்கள் பத்திரிகையில், வீட்டில் பயந்து உட்கார்ந்திருக்காதீர்கள் என்று எழுதினார். "மார்பகம்" என்ற வார்த்தையைப் பொதுவில் சொல்லவே கூசிய காலம். பெண்களிடமிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. நம் வீடுகளில் இன்றைக்கும் இந்த நோயை மூடி மறைத்துக் காலம் கடத்துகிற பெண்களை நினைத்தால், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்தவரை எப்படிப் பாராட்டுவது?

1974 டிசம்பரில் கானா. அதிபர் ஃபோர்டு நியமித்தார். சுருட்டை முடிக் குழந்தையை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்களா என்ற முணுமுணுப்பு எழுந்தது. கானாவில் பெண் என்றோ தூதர் என்றோ தன்னை யாரும் குறைவாக நடத்தவில்லை, தான் வளர்ந்துவிட்டதை நம்பாத அமெரிக்கர்களிடம்தான் சிரமப்பட்டேன் என்று பின்னால் அவரே சொன்னார். 1976-இல் வெளியுறவுத் துறையின் புரோட்டோகால் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். வரும் நாட்டுத் தலைவரை யார் வரவேற்பது, எந்தக் கொடி எங்கே பறப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது எல்லாம் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. சின்னப் பிசகு நடந்தாலும் இரண்டு நாட்டுக்கு நடுவில் சங்கடம். ஆட்சி மாறியதும் 1977 ஜனவரியில் அதுவும் முடிந்தது.

அதிபர் ரீகன் காலத்தில் புதிதாக நியமிக்கப்படும் தூதர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் அவர் பாடம் எடுத்தார். அதாவது தூதர்களுக்கே வாத்தியார். 1987-இல் வெளியுறவுப் பணியின் முதல் கௌரவ அதிகாரி என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள். பரீட்சை எழுதிப் படிப்படியாக ஏறி வந்த அதிகாரிகள் வெளியிலிருந்து வருகிறவர்களை அவ்வளவு சுலபத்தில் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். உங்கள் கேள்விக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

1989. அதிபர் ஜார்ஜ் புஷ் அவரைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பினார். டாங்கிகள் நுழைந்து 21 வருஷமும் இரண்டே நாளும் ஆன ஆகஸ்ட் 23 அன்று நியமனப் பத்திரத்தைக் கொடுத்துப் பதவியேற்றார். அங்கே அப்போது அதிபர் யார் என்று நினைக்கிறீர்கள்? குஸ்டாவ் ஹுசாக். 1969-இல் டூப்செக்கை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர். டூப்செக் ஸ்லோவாக்கியாவில் வனத்துறையில் ஏதோ ஒரு வேலையில் காலம் தள்ளி ஓய்வுபெற்று, கண்காணிப்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் சிறையும் வீடுமாக இருந்தார். ரகசியப் போலீஸின் சுருக்கப் பெயர் எஸ்.டி.பி. புதிய அமெரிக்கத் தூதரின் பெயரைச் சுருக்கினாலும் ஷெர்லி டெம்பிள் பிளாக், அதே எஸ்.டி.பி.தான்! அதைச் சொல்லி அவர் சிரிப்பது வழக்கம்.

அவர் போய்ச் சேர்ந்த சில வாரத்தில் ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் பிராக்கிலிருந்த மேற்கு ஜெர்மனித் தூதரகத்தின் சுவரேறிக் குதித்துத் தஞ்சம் கேட்டார்கள். தோட்டம் முழுக்கக் கூடாரம். தெருவில் அவர்கள் விட்டுவிட்டுப் போன குட்டிக் கார்கள். அமெரிக்கத் தூதரகம் அதே பகுதியில்தான். அக்டோபரில் பிராக் மக்களும் தெருவில் இறங்கினார்கள். ஷெர்லி அறிக்கைகளை எதிர்பார்த்து அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, சதுக்கத்துக்கே போய்ப் பார்த்தார். அரசாங்கத்தோடு பேசும் அதே சமயத்தில் எதிர்ப்பாளர்களோடும் தொடர்பு வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தூதர் எதிர்ப்பாளர் ஒருவரோடு வெளிப்படையாகக் கைகுலுக்கினால் அது அந்த எதிர்ப்பாளருக்குச் சின்னப் பாதுகாப்பு. இவருக்கு ஏதாவது ஆனால் வாஷிங்டன் கேட்கும் என்று போலீஸுக்குத் தெரிந்துவிடும்.

நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அதற்குப் பின் ஊரே எழுந்தது. ஒவ்வொரு மாலையும் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் லட்சக்கணக்கில் கூட்டம். எல்லாரும் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேலே தூக்கிக் குலுக்கினார்கள். நேரமாகிவிட்டது, வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று ஆட்சிக்குச் சொல்லும் சத்தம் அது. நவம்பர் 24 அன்று அந்தச் சதுக்கத்துப் பால்கனி ஒன்றில் ஹாவெலோடு வந்து நின்றார் டூப்செக். 1968-இல் எந்த மனிதரைப் பார்ப்பதற்காக ஷெர்லி அல்க்ரோன் ஓட்டலில் காத்திருந்தாரோ அதே டூப்செக். ஓட்டல் அங்கிருந்து சில நிமிட நடை. அன்று இரவே கட்சித் தலைமை ராஜினாமா செய்தது. டிசம்பர் 28 அன்று டூப்செக் நாடாளுமன்றத் தலைவர். மறுநாள் ஹாவெல் அதிபர்.

1990 பிப்ரவரியில் ஹாவெல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச வாஷிங்டன் போனபோது ஷெர்லியும் கூடப் போனார். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்துவிட்டு 1992 ஜூலையில் விடைபெற்றார். அடுத்த ஜனவரியில் அந்த நாடே செக், ஸ்லோவாக்கியா என்று இரண்டாகப் பிரிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அமெரிக்கத் தூதராக இருந்த ஒரே பெண் அவர்தான். 2014 பிப்ரவரி 10 அன்று கலிபோர்னியாவின் வுட்சைடில், 85 வயதில், நுரையீரல் நோயால் காலமானார்.

புரட்சி நடந்ததே அவரால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்த மக்கள் செய்தது. ஆனால் சினிமாப் புகழைப் பற்றிக் கேட்டீர்களே, பிராக்கில் அது எப்படி வந்து நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930களில் செக் நாட்டுச் சிறுவர் சிறுமியரும் அவருக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தார்கள். "ஷெர்லிகா" என்று செல்லமாகப் பெயர் போட்டு உறுப்பினர் அட்டை. அதற்குப் பிறகு நாஜி ஆக்கிரமிப்பு, உலகப் போர், நாற்பது வருஷக் கம்யூனிஸ்ட் ஆட்சி எல்லாம் வந்து போயிற்று. அவர் தூதராக வந்ததும், தலை நரைத்துப்போன ஆண்களும் பெண்களும் அந்தப் பழைய அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் காட்டினார்கள்.